ஜேமி லவி ஊரிலேயே தங்கிய விதம்

என் பெயர் ஜார்ஜ் ஃபிளெட். ஸ்கார்டன் என்னும் இம்மீன்பிடித் துறையில் அப்பெயர் உடையோர் பலர் ஆதலின், ஆளை வேறுபடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எனக்கு அமைந்தது கோஸ்டி. மாலை நான்கு மணிக்குத் தேநீர் வைப்பது என் வழக்கம். அடுப்பில் நிலக்கரி இட்டு, இரண்டு கோப்பைகளைத் துடைத்து மேசைமீது வைப்பேன். தங்களுக்கும் ஊற்றியிருக்கிறேன், ஐயா. சற்றுக் கடுமையாக இருக்கும். வேண்டுமாயின் பால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கோப்பை ஜேமி லவியுடையது. அவனும் நானும் இளமையில் ஒரே படகில் ஹெர்ரிங் மீனுக்கு வலை வீசியவர்கள். அம்மீன் அற்றுப்போய்ப் படகும் விலைபோன பிறகு, அவன் ஒரு சிறு படகு வாங்கி, கூண்டு போட்டுக் கல்லிறால் பிடித்தான். எனக்குத் துறைமுகக் காவல் வேலை கொடுத்தார்கள். கயிறுகளைப் பார்ப்பது, படிக்கட்டில் பாசி சுரண்டுவது, கடலிலிருந்து மூடுபனி ஏறினால் அலைதடுப்புச் சுவரின் முனையில் நின்று மணியடிப்பது ஆகியவை என் கடமைகள்.

எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகள் கோடையில் மட்டும் விளக்கெரிபவை. வெளியூரார் வருவார்கள், படகுகளைப் படமெடுப்பார்கள், வறுத்த மீனைக் காகிதத்தில் வைத்துத் தின்றபடி கடற்பறவைகளைத் திட்டுவார்கள், பொழுது சாய்ந்ததும் போய்விடுவார்கள். குளிர்காலத்தில் என் வீட்டிலும் எதிரே ஜேமியின் வீட்டிலுமே விளக்கு எரியும். அவன் விளக்கை அணைப்பதைப் பார்த்த பிறகே நான் படுப்பேன். இது அவனுக்குத் தெரியாது.

எல்ஸ்பத் சென்ற ஆண்டு மே மாதம் டன்டீ நகரிலிருந்து ஊர் பார்க்க வந்தாள். அவள் தாய் ஒரு பருவம் எங்கள் கரையில் நின்று மீன் கீறி உப்பிட்டவளாம். அவள் நின்ற இடத்தைக் காண வேண்டும் என்றாள். ஜேமி காட்டினான். ஒரு வாரத்துக்கு என்று வந்தவள் இலையுதிர்காலம் வரை தங்கினாள். இவ்வாண்டு மார்ச்சில் இருவரும் பதிவு அலுவலகத்தில் மணம் செய்துகொண்டனர். சாட்சியாக நின்றவன் நானே. என் கோட்டுக்கு அவளே ஒரு பூக் குத்திவிட்டாள். அவள்மீது எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாதம், வழக்கம்போல் தேநீருக்கு வந்த ஜேமி, கோப்பையைச் சுற்றிச்சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான்.

"சனிக்கிழமை கெளம்புறோம்டா" என்றான். "டன்டீக்கு. அவ வீட்டுல மாடிப்படியே கெடையாதாம். என் முட்டிக்கு நல்லது."

"முட்டி இங்கயுந்தான் இருக்கு."

"இங்க வலிக்குதே, அதான்டா வெவகாரம்."

நான் அவன் கோப்பையை மீண்டும் நிரப்பினேன். அவன் சிரித்தான்.

"நான் போயிட்டா இந்தத் தேத்தண்ணிய எவன்டா குடிப்பான்? படகுக்குப் பூசுற தாரு மாதிரி இருக்கு. இத முழுங்கப் பழகுனவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

"அப்ப போகாத."

"அட போடா. ரயில் ஏறுனா மத்தியானத்துக்குள்ள வந்துடலாம். வந்து பாரு, எல்ஸ்பத் உனக்கு ஒழுங்கா டீ போடக் கத்துக்குடுப்பா."

வருகிறேன் என்றேன். அன்றிரவு அவன் விளக்கு அணைந்த பின்னும் நான் படுக்கவில்லை. குளிர்காலத்தில் அந்தச் சன்னல் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை, கடலில் கிடந்த கடைசிக் கூண்டுகளை எடுக்க அவன் புறப்பட்டான். எல்ஸ்பத்தும் உடன் சென்றாள். அவனுடைய பழைய மழையங்கி அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. "சர்ச்சு மணிக்கு உறை போட்ட மாதிரி இருக்கா" என்று அவன் சொல்ல, அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அப்போதே கடலின் விளிம்பில் மூடுபனி ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. படகில் ஏறுமுன் கடலைப் பாராத ஜேமியை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

படகை நோக்கி நடக்கத் தொடங்கியவனைப் பின்னாலிருந்து அழைப்பது எங்கள் ஊரில் வழக்கமன்று. எங்கே போகிறாய் என்று கேட்பதும் கூடாது. கேட்டால் கேடு சூழும் என்பார்கள். மனைவிமாரும், கணவன் உணவை மறந்துவிட்டுப் போனால், பட்டினி கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார்களே அன்றி அழைக்கமாட்டார்கள். நானும் அழைக்கவில்லை. வழக்கத்தை மீறினேன் என்று என்மீது எவரும் குற்றம் சொல்ல முடியாது.

அவர்கள் கூண்டுகளை எடுத்துத் திரும்பும் வேளையில் மூடுபனி கரையை மூடிவிட்டது. சுவர்முனையில் தொங்கும் பெரிய மணி, சென்ற புயலில் விரிசல் கண்டு பழுதுபார்க்கப் போயிருந்தது. ஆதலின், மூடப்பட்ட பள்ளியின் கைமணியையே சில வாரங்களாகப் பயன்படுத்தி வந்தேன். அதை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டேன். மும்மூன்றாக, இடைவெளி விட்டு, கை மாற்றி மாற்றி அடித்தேன். ஓய்ந்து நிற்கவில்லை. ஊரார் அனைவரும் அதைக் கேட்டனர். தங்களிடமும் அவ்வாறே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது உண்மை.

எல்ஸ்பத் நேற்று வந்திருந்தாள். மணிக்கட்டில் கட்டு இருந்தது. ஜேமியின் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தாள். படகில் நடந்ததை அவளாகவே சொன்னாள்.

"பாறையில அலை மோதுற சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு, கோஸ்டி. முன்னாடி பாறை இருக்குன்னு சொன்னேன். அவரு கேக்கல. 'காம்பஸ் பொய் சொல்லும், என் காதும் பொய் சொல்லும். மணி அடிக்கிறது நம்ம கோஸ்டி. அவன் எங்க நிக்கிறானோ அதான் கரை'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே திருப்புனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன இருக்கு. நான் நீந்தினேன். அவருக்கு நீச்சல் தெரியாதுன்னு தண்ணியில விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியும்." கோப்பையை மேசைமீது வைத்துவிட்டு, "கடைசி வரைக்கும் மணிய நிறுத்தாம அடிச்சீங்களே, அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்" என்றாள்.

எங்கள் தலைமுறை மீனவர் எவர்க்கும் நீந்தத் தெரியாது. அதை நான் அறிவேன். எல்ஸ்பத்துக்கு நீந்தத் தெரியும் என்பதை அன்று நான் அறியேன். இதற்குமேல் இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஜேமி சாக வேண்டும் என்று ஒருபோதும் நான் விரும்பியதில்லை. அவன் போகாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே என் விருப்பம். இரண்டும் வேறு வேறு.

எழுந்து போகும்போது வாசலில் நின்று அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"திங்கட்கிழமை அவர டன்டீக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க அம்மா அப்பா கல்லறைக்குப் பக்கத்துல இடம் இருக்கு. அங்கேர்ந்து ஆறு தெரியும். இங்க அவருக்குன்னு யாரு இருக்கா, சொல்லுங்க."

அவள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சன்னலருகே உட்கார்ந்தேன். எதிர்வீடு இருண்டிருந்தது. கரை ஒதுங்கிய அவன் உடல் இன்னும் மேட்டுத் தேவாலயத்தின் பக்க அறையில்தான் இருக்கிறது என்பது ஒன்றே ஆறுதலாக இருந்தது. பிறகு எழுந்து தங்கள் காவல் நிலையத்துக்குத் தொலைபேசினேன்.

மனச்சாட்சி உறுத்தியதனால் அழைத்தேன் என்று தாங்கள் எழுத விரும்பலாம். அவ்வாறு எழுதினால் அது பிழை. விபத்தாயின் உடலை மனைவியிடம் கொடுத்துவிடுவார்கள். கொலையாயின் வழக்கு, விசாரணை என்று நாளாகும். அவ்வளவு எளிதில் எவரிடமும் கொடுக்கமாட்டார்கள். அதற்குள் எல்ஸ்பத்தும் மனம் மாறக்கூடும். தன் துறையை விட்டு அவனுக்கு எங்கே உறக்கம் வரும்?

எனவே சொல்கிறேன், தாங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அன்று நான் சுவர்முனைக்குப் போகவில்லை. கைமணியோடு மணல் வழியே நடந்து, கடலுக்குள் நீண்டு கிடக்கும் கிழக்குப் பாறையின் மீது ஏறி நின்று அடித்தேன். படகு என் குரலுக்கு வருவதுபோல நேராக வந்தது. பலகை உடையும் ஓசை கேட்ட பின்னரும், ஊரார் ஐயுறாதிருக்கும் பொருட்டுச் சிறிது நேரம் அடித்துவிட்டு இறங்கினேன்.

கையொப்பம் எங்கே இட வேண்டும் என்று காட்டுங்கள், இடுகிறேன். ஜேமியை டன்டீக்கு அனுப்புவதாக இல்லை.