வாசலுக்கு மேல ஒரு வசவு

இல்ல, எனக்குப் புரியவே இல்ல. கல்லுல பாட்ட வெட்டுனவன் நீ, என் வாசக் கல்லக் கழட்ட மாட்டேன்னா என்ன நியாயம் ஸ்டமாத்தி? ஏணிய விட்டு இறங்காத. சரி, இறங்கு. இந்தா, ராக்கிச் சாராயம் ஊத்திருக்கேன். குடிச்சிட்டுக் கழட்டு.

தீர்மானம் இருக்குங்குறியா... தெரியும்ப்பா. யோர்தானிஸ் பாட்டுல ஒரு எழுத்தக்கூட எவனும் தொடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டதே ஊர்ச் சங்கத் தலைவருதான். அது யாரு? நான்தான். அதுக்கென்ன இப்போ?

நீ வெளியூரு, உனக்குத் தெரியாது. அந்த யோர்தானிஸ் அகதிக் குடும்பம். துருக்கியில ஸ்மிர்னா நகரம் எரிஞ்சப்போ கப்பலேறி இந்தக் கிரீட் தீவுக்கு வந்து இறங்குனவங்க. 'துருக்கி வித்து'ன்னு ஏசி, கிணத்துல தண்ணிகூட மொள்ள விடலயாம் நம்மாளுங்க. பையன் வளந்தான், லீரா வாத்தியத்த மடியில வச்சான். எந்தக் கல்யாணமானாலும் சரி, ரெண்டே வரி, ஒரு வீட்டக் கேலிக்கு இழுப்பான். அவங்க இறங்குன அதே கப்பல்ல நம்ம மானத்த ஏத்தி அனுப்பிட்டான்.

செத்தப்புறம்தான் ஊருக்கு ஞானம் வந்துது. 'எங்க யோர்தானிஸ்'ங்குறாங்க. 'எங்க'வாம்ல... சரி, பாட்டையாவது காப்பாத்துவோம்னு வீடு வீடாப் போனேன். எவனக் கேட்டாலும், 'எங்களப் பத்தி ஒண்ணும் பாடல, பக்கத்து வீட்டப் பத்தித்தான் பாடுனான்'னு கடகடன்னு ஒப்பிக்கிறான். பக்கத்து வீட்டுக்குப் போனா இவனப் பத்தி ஒப்பிக்கிறான். அப்படியே ஊரு முழுக்கச் சேத்துட்டேன். அவனவன் பாட்டு அவனவன் வாசலுக்கு மேல, பளிங்குல. யோசனை யாரோடது? அதான் சொன்னேனே, தலைவருன்னு.

சண்டை வராம என்ன செய்யும்? பாதிரியாரு தன் வீட்டுக் கல்லு மேல தானே சுண்ணாம்பு அடிச்சாரு. அதுக்குத்தான் தீர்மானம். அப்புறம் பாத்தா எல்லாருக்கும் அதுவே பெருமையாப் போச்சு. 'எங்க வசவு ஆழமா வெட்டிருக்கு, உங்களுது மேலாக்கத்தான'ன்னு ஒரே போட்டி.

எங்க வீட்டப் பத்தி மட்டும் யாருக்கும் ஒண்ணும் தெரியல. தலைவரு வாசல் மொட்டையா நிக்குது. 'திட்டுறதுக்குக்கூட லாயக்கில்லாத குடும்பம்'னு காபிக் கடையில சிரிக்கிறானுங்க. நீயா இருந்தா என்ன பண்ணிருப்ப? ...ஆமா, நானேதான் கட்டி, அவன் பாடுனதுன்னு சேத்துட்டேன்.

'கலியோபி வச்ச சூப்புல ஈ ஒண்ணு முங்குச்சு,
கடலையத் தேடிப் பாத்துட்டுப் பசியோட கிளம்புச்சு.'

கலியோபி எங்கம்மா. செத்துப் போனவதான, கோச்சுக்கவா போறான்னு... என்ன சிரிப்பு? ஊரும் இப்படித்தான் சிரிச்சுது. யோர்தானிஸ் பாட்டுலயே இதான் உச்சமாம். பள்ளிக்கூடத்துல பாட வைக்கிறாங்க.

நேத்து அம்மாவுக்கு நினைவுப் பூசை. அவிச்ச கோதுமைய மென்னுக்கிட்டே எதிர்வீட்டு ஃபொட்டினிக் கிழவி எங்கிட்ட சொல்லுது, 'மனூசோ, அவன் மொத மொதல்ல பாடுனதே உங்கம்மாவத்தான். அதுல கேலி இல்ல, அதான் யாரும் திருப்பிப் பாடல'ன்னு.

'ஊரே கதவச் சாத்துச்சு, கிணறும் எங்கள விரட்டுச்சு,
கலியோபி கை ஒண்ணுதான் கடலை சூப்பு ஊத்துச்சு.'

ஆயுசுக்கும் ஒரே ஒரு வீட்டத்தான் வாழ்த்திருக்கான் மனுசன். கோதுமைய அப்படியே வச்சிட்டு ஓடுனேன். சங்கத்துல போயி கல்ல மாத்தணும்னேன். 'எல்லா வீட்டுக்காரனும் இதத்தான் சொன்னான்'னு என் தீர்மானத்த எனக்கே படிச்சுக் காட்டுறாங்க. அட, நான் கட்டுன பாட்டுய்யாங்குறேன். 'உனக்கு இவ்வளவு நல்லா வருமா'ங்குறானுங்க.

அதான் உன்னக் கூப்புட்டேன். ஒரே ஒரு அடி அடிச்சா... ஏய், உளிய ஏன் பைக்குள்ள போடுற? ஸ்கூட்டர எதுக்கு உதைக்கிற? ராக்கியவாவது முடிச்சிட்டுப் போ... ஸ்டமாத்தி, வாய்க்குள்ள என்ன முணுமுணுக்குற? அந்த ஈ பாட்டா? பாடாதடா. அது எங்கம்மாடா... கடலை நெறையப் போட்டுத்தான்டா வைப்பா.