எலுமிச்சம்பழத்தின் எடை

எலுமிச்சம்பழம் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கடையில்கூட அமுக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். வசந்தகுமார் சார், நம் கம்ப்யூட்டர் கப்பல் விளையாட்டுக் குழுவை நடத்துகிறவர் நீங்கள். லோகுவின் துறைமுகத்தில் கப்பல்கள் ஏன் மூழ்கின என்று கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பழைய விளையாட்டைச் செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது. நாம்தான் புதுக் கப்பலும் துறைமுகமும் செய்துபோட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கும்மிடிப்பூண்டி உருக்காலையில் என்னோடு வேலை பார்க்கும் லோகு, இரண்டு வருஷம் உட்கார்ந்து அந்தத் துறைமுகத்தைக் கட்டினான். அதிலுள்ள பன்னிரண்டு கிரேன்களும் என் கைவேலை. ஆலையிலும் நான் கிரேன்தான் ஓட்டுகிறேன்.

"தணிகாசலண்ணே, புது வண்டி வந்தா சக்கரத்துக்கு அடியில பழம் வெக்கிறோம் இல்ல? இதுக்கும் உன் கையால ஒண்ணு வெச்சுடு" என்றான். கப்பலுக்குச் சக்கரம் ஏது? துறைமுக வாசலில், தண்ணீரிலேயே ஒரு பழத்தை வைத்தேன்.

அப்போதுதான் அவன் எழுதியிருந்த நன்றிப் பட்டியலைப் பார்த்தேன். டீக்கடை சுப்பராயன் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. விளையாட்டில் எந்தப் பொருளைச் சேர்த்தாலும் அதன் எடையை எழுத வேண்டும். நாற்பதாயிரம் டன் என்று எழுதினேன்.

முதல் நாளே பதினேழு கப்பல் அதில் மோதி மூழ்கியது. பழம் பழத்தின் அளவில்தான் இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. குழுவில் எல்லோரும் லோகுவைக் காய்ச்சி எடுத்தார்கள். பொங்கலுக்குள் சரியாகாவிட்டால் துறைமுகத்தையே நீக்கிவிடுவதாக நீங்களே எழுதினீர்கள். பாவம், லீவு போட்டுத் தேடினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேடினேன். பழத்தின் பக்கம் போனபோதெல்லாம், "அது சாமி காரியம்டா, கை வெக்காத" என்று தடுத்தேன்.

பொங்கலன்று நீக்கினீர்கள். "சோறே துன்றதில்லண்ணே, செவுத்தப் பாத்துக்கினே குந்திக்கினு கீறாரு" என்றாள் அவன் மனைவி சோனியா. நான்தான் பிரியாணி வாங்கிப்போய் ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தேன். வேறு யார் வந்தார்கள்?

இப்போது புதிதாக ஒரு துறைமுகம் கட்டியிருக்கிறான். "கஷ்டத்துல கூட இருந்தது நீதாண்ணே" என்று பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டான். கண் கலங்கிவிட்டது. பழம் வைக்கச் சொன்னான், வைத்தேன்.

பட்டியலில் என் பெயர் இரண்டாவது. முதலில் சோனியா. நான் நியாயம் பார்க்கிறவன் சார், அதனால் இந்த முறை பாதிதான் போட்டேன், இருபதாயிரம் டன்.