கேள்விப்படவில்லை

— இந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிடுங்க வக்கீலய்யா. மத்த எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடுறேன்.

— அந்த ஒரு வரிதான், வெர்லின், இந்த மனுவே. அதை அடிச்சா மிச்சம் வெறும் காயிதம்.

— இன்னொரு தடவை படிங்க.

— "என் கணவர் ஹாட்லி குவாஷி உயிரோடிருந்தால் இயல்பாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவள் நான். கடந்த ஏழு ஆண்டுகளாக அவரைப் பற்றி எதுவும் கேள்விப்படவில்லை."

— அதான். கேள்விப்படலைன்னு பைபிள்ல கைவச்சுச் சொல்ல என்னால முடியாது.

— ஏன்? லெட்டர் ஏதும் வந்துச்சா?

— இல்ல.

— டிரினிடாட்ல பாத்தேன், கப்பல்ல பாத்தேன்னு யாராச்சும்?

— ஒருத்தரும் சொல்லல.

— அப்புறம் என்னம்மா? செத்தாருன்னு காட்ட உடம்பு கிடைக்கல. அதுக்குத்தான் சட்டம் இந்த வழியை வச்சிருக்கு. ஏழு வருஷம் ஒரு சேதியும் இல்லேன்னா இறந்துட்டதா அனுமானிக்கலாம். கோர்ட்டு ஒத்துக்கிட்டா ஈஸ்டர் கழிச்சு நீங்களும் லின்டனும் சர்ச்சுல கல்யாணத்துக்கு நிக்கலாம். வேண்டாமா?

— ஆசை இல்லாமலா ஐயா? நாப்பத்தொண்ணு ஆச்சு. ஒத்தைத் தட்டு வச்சுச் சாப்பிட்டுச் சலிச்சுப் போச்சு. ஆனா சங்கு கேக்குதே.

— என்ன சங்கு?

— மீனோட வந்தா கரைக்கு ஊதுவாங்கல்ல, அது. சனிக்கிழமை சனிக்கிழமை, உச்சி வெயில்ல. ரெண்டு குட்டை, ஒரு நீளம். நீளத்துக்கு நடுவுல மூச்சு ஒடியும். முன்பல்லு போனதுலேர்ந்து ஹாட்லிக்கு அப்படித்தான் ஒடியும்.

— நம்ம கரியாக்கூத் தீவுல சங்குக்கா பஞ்சம்? வேற எவனாவது ஊதியிருப்பான்.

— முதல் தடவை நானும் அப்படி நினைச்சுத்தான் சட்டியத் தூக்கிட்டு ஓடினேன். கடல் வெறிச்சுன்னு கிடக்கு. படகு இல்ல, பறவை இல்ல. சத்தம் மட்டும் தண்ணி மேல வருது.

— முதல்ல அந்தச் சோரல் சர்பத்தைக் குடிங்க. அக்கம்பக்கத்துல யாருக்காவது கேக்குதா?

— கேட்டுப் பாத்தேன். என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க.

— லின்டனுக்கு?

— ஒவ்வொரு வாரமும் கேப்பேன். 'போடி, அது காத்து. உனக்குள்ள இருக்கிற துக்கம்தான் ஊதுது'ம்பாரு. அவருக்குக் கேக்கலையாம்.

— பாத்தீங்களா? அவரைவிடப் பெரிய சாட்சி யாரு? அன்னிக்கு ஹாட்லியோட மீன்பிடிக்கப் படகுல போன ரெண்டு பேர்ல நீந்திக் கரையேறினவர். போன மாசம் இதே நாற்காலியில உக்காந்து சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காரு. "படகு கவிழ்ந்தது. ஹாட்லியின் கையைப் பிடித்தேன், நழுவிவிட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை அவரைக் கண்டதுமில்லை, அவரிடமிருந்து எதையும் கேட்டதுமில்லை."

— கேட்டதுமில்லைன்னா போட்டிருக்காரு?

— அவரு கையெழுத்து, இதோ. வெர்லின், சட்டத்துல கேள்விப்படுறதுன்னா காதுல விழுறது இல்லம்மா. சேதி வரணும். ஆளு இருக்காரு, இன்ன இடத்துல இருக்காருன்னு. சங்குச் சத்தத்துல என்ன சேதி இருக்கு?

— வந்துட்டேங்கிற சேதி.

— வெர்லின்!

— பின்ன எதுக்கய்யா ஊதுவாங்க?

— ...சரி. ஊதுச்சுன்னே வச்சுக்குவோம். உங்க ஒருத்தருக்கு மட்டும் கேக்குற சத்தத்தை எந்த நீதிபதியும் எடுத்துக்க மாட்டாரு. இன்னொரு காது வேணும். இல்லைல்ல? அப்பச் சங்கும் இல்ல, ஊதினவரும் இல்ல. போடுங்க கையெழுத்து.

— இன்னொரு காது இருக்குய்யா. அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல வாய் வரல.

— யாரு?

— போன சனிக்கிழமை நான் இங்க இல்ல. அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னு பெரிய தீவுக்குப் போயிருந்தேன். ஏழு வருஷத்துல நான் இல்லாத ஒரே சனி. சாயங்காலப் படகுல வந்து இறங்கினா, லின்டன் மணல்ல உக்காந்து கிழிஞ்ச வலையைப் பின்னிக்கிட்டிருந்தாரு. வாய்ப் பழக்கத்துல, 'இன்னிக்கு ஊதுச்சா'ன்னு கேட்டுட்டேன். அவரு தலையை நிமித்தவே இல்ல.

— என்ன சொன்னாரு?

— 'ம்... இன்னிக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டான்'னாரு.