கண்ணு வரையாத படக்கதை

தலைய ஆட்டாதீங்க சார், கத்திரி காதுகிட்ட இருக்கு. சிரிங்க, வேணாங்கல. உடம்பு குலுங்காம சிரிங்க.

என்னது, புத்தகத்துல படமெல்லாம் கோழி கிளறுன மாதிரி இருக்கா? நானும் அதே வார்த்தையதான் சொன்னேன். மூக்கு கிடையாது, ஒரு மண்டையும் உருண்டையா இல்ல, கோடெல்லாம் நடுங்குது, கை மட்டும் முறம் மாதிரி பெருசு. மாங்கான்னு சொல்ற ஜப்பான் படக்கதைன்னா பளபளன்னு பெரிய கண்ணா இருக்கும்னு நெனச்சீங்களா? இத வரைஞ்சவரு தனி ரகம் சார். மூடிராதீங்க, மடியிலயே வச்சுப் புரட்டுங்க. முடி விழுந்தா தட்டி விட்டுக்கலாம்.

கதையா? பெருசா ஒண்ணுமே நடக்காது! ஒரு சலவைக் கடை, ஒரு அப்பன், ஒரு பொண்ணு. அந்தாளு ஒரே சட்டைய ஒம்போது பக்கத்துக்குத் தேய்க்கிறான். நான் எண்ணிட்டேன், ஒம்போது. அதுலயும் தேய்க்கத் தேய்க்கச் சட்டை கசங்கிட்டே போகுது. என்னடா இவன், தொழில் தெரியாம கடையப் போட்டுட்டான் போலன்னு திட்டிட்டேதான் பாத்தேன். அந்தப் பாஷையெல்லாம் எனக்குத் தெரியாது. எழுத்துப் பக்கமே போகல, படத்த வச்சேதான் ஆளுங்களப் புடிச்சேன்.

கொஞ்சம் குனிங்க. பிடரிய முடிச்சிடுறேன்.

இந்தக் கண்ணு விஷயத்துக்கு வரேன். சில பக்கத்துல கண்ணே இருக்காது, மொழுக்குன்னு வெறும் மூஞ்சி. அச்சுல விட்டுப் போச்சு போலன்னு நெனச்சேன். அதுதான் இல்ல. பொய் சொன்னா கண்ணு கிடையாது சார்! ஒருத்தன் சலவைக்குப் போட்ட கோட்டுல அவனே மையக் கொட்டிட்டு, பழிய கடைக்காரன் மேல போடுறான். அந்தப் பக்கத்துல கண்ணு இல்ல. தப்ப ஒத்துக்கிற பக்கத்துல பாருங்க, ஜம்முனு ரெண்டு கண்ணு. முப்பது வருஷமா கண்ணாடில அடுத்தவங்க மூஞ்சியையே பாத்துட்டு நிக்கிறேன், எனக்கே புடிபட ஒரு வாரம் ஆச்சு.

இன்னொரு கூத்து கேளுங்க. நான் நம்ம புத்தகம் தொறக்கற மாதிரியே இதையும் தொறந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல பொட்டியோட அந்தப் பொண்ணு நிக்குது, அப்பறம் ரெண்டு பேருக்கும் சண்டை, போகப் போகச் சிரிப்பு. கடைசில ரெண்டு பேரும் ஒரு பெரிய போர்வைய ஆளுக்கொரு முனையாப் புடிச்சு மடிக்கிறாங்க. மடிக்க மடிக்கக் கிட்ட வராங்க. அடடா, கோச்சுட்டுப் போன பொண்ணு திரும்பி வந்த கதைன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருந்தேன். நம்ம தபால்காரரு இருக்காரே, இந்த மாதிரி புத்தகமெல்லாம் கரைச்சுக் குடிச்சவரு, அவருதான் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அண்ணே, ஜப்பான் புத்தகத்த அந்தக் கடைசிலேர்ந்து ஆரம்பிக்கணும்ணேன்னாரு.

அப்படியே திருப்பிப் பாத்தேன். சட்டை சரியாயிருச்சு சார். தேய்க்கத் தேய்க்க நிமிருது, அந்தாளு கோபமும் எறங்குது, முறமா இருந்த கை சாதாரணக் கையாயிருது. என்னமா வரைஞ்சிருக்கான் மனுசன்! ஆனா கதை? போர்வைல ஆரம்பிச்சு பஸ் ஸ்டாப்புல போய் முடிஞ்சிருது. எனக்கு மனசே விட்டுப் போச்சு.

அந்தப் பஸ் ஸ்டாப் படத்த எடுங்க. அப்பன் வாயத் தொறந்திருக்கான், அந்தப் பெரிய கையால பஸ்ஸக் காட்டுறான். கண்ணு இல்ல, பாத்தீங்களா? என்ன சொல்றான்னு தெரிய பாஷையெல்லாம் வேணாம் சார். போங்கறான். நானும் அப்படித்தான் சொன்னேன்.

யார்கிட்டயா? எம்பொண்ணுகிட்டதான். புத்தகமே அவளோடது, விட்டுட்டுப் போயிட்டா. அவளும் இந்த மாதிரிதான் கோணல்மாணலா வரைவா. அதையே படிக்கப் போறேன்னு வந்து நின்னா. அந்தக் கோழி கிளறுன பேச்செல்லாம் அவ படத்தப் பாத்து நான் பேசினது. ஆச்சு, அஞ்சு வருஷம்.

ஐயையோ, இடது கிருதா கொஞ்சம் ஏறிருச்சே. இருங்க, வலதையும் ஏத்திடுறேன், ஒண்ணும் தெரியாது. இன்னிக்குக் கவனமெல்லாம் கடிகாரத்து மேலயே இருக்கு சார். நாலு மணிக்குக் கடைக்கு வரேன்னு மெசேஜ் போட்டிருக்கா. இந்தப் புத்தகத்த வாங்கிட்டுப் போகணுமாம். அதுக்கு மட்டும்தானாம்.

மன்னிச்சிரும்மான்னு சொல்ல எனக்கு வாய் வராது. இந்தப் புத்தகத்தப் பத்தின்னா கடகடன்னு வருது. அதான் காலைலேர்ந்து சேர்ல உக்கார்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். நீங்க ஆறாவது ஆளு. தப்பா நெனச்சுக்காதீங்க.

எங்க, கண்ணாடியப் பாருங்க. தலைய இல்ல சார், அது நல்லாத்தான் இருக்கு. பின்னாடி நிக்கிற என்னப் பாருங்க. கடைசியா இத மட்டும் சொல்லலாம்னு இருக்கேன். அன்னிக்குப் போன்னு சொன்னது பொய்ம்மா.

எப்படி சார்? கண்ணு தெரியுதா?