காதுக்கு எட்டாத ஓசையும் பெங் அண்ணனின் குருவிகளும்

கையில் இருக்கும் பம்பளிமாசை உரிக்கலாமா, என் பேச்சு முடியும் வரை பொறுக்கலாமா என்று தவித்துக்கொண்டிருக்கும் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய ஷென் யாவ்-டிங் அவர்களே! முன்வரிசையில் முத்துக்களாய் அமர்ந்திருக்கும் மூத்தோரே! அடுப்புக் கரியை ஊதிக்கொண்டே எனக்கும் ஒரு காது கொடுத்திருக்கும் அன்னையரே! பதினாறு வீட்டு உறவுகளே! கீலுங் நகரத்து மழை இன்று ஒரு நாள் நமக்காக ஓய்ந்திருக்கிறது. இந்த நிலாத் திருநாள் மாலையில், உங்கள் செயலாளர் கே சின்-ஃபாங்கின் பணிவான வணக்கம்!

ஆண்டறிக்கை வாசிக்கத்தான் என்னை அழைத்தார்கள். நான் வாசிக்கப்போவதில்லை. மாறாக, ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். குற்றவாளி யார்? நான்! சாட்சி யார்? நீங்கள்!

வசந்தப் புத்தாண்டு முடிந்த மூன்றாம் நாள். மூன்றாம் மாடியில் நம் சுங் மெய்-யூன் வீட்டில், ஐந்து மாதக் குழந்தையின் தொட்டிலுக்கு அருகே இருந்த மாவுப் பையை எலி கடித்துக் குதறியிருந்தது. குழந்தையை மார்போடு அணைத்தபடி மெய்-யூன் என் கதவைத் தட்டினாள். "அக்கா, இன்னிக்கு பையக் கடிச்சுது. நாளைக்குப் புள்ள விரலக் கடிச்சா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். அந்தக் கேள்வி என் நெஞ்சைத் தைத்தது. அன்றே கடைவீதிக்கு ஓடினேன்.

கடைக்காரர் உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்றைக் காட்டினார். சுவரில் செருகினால் நீல விளக்கு சிமிட்டும். மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியைப் பரப்பும். "அக்கா, இது கத்துறது நமக்குக் கேக்காது. எலிக்கு மண்டை காஞ்சிரும். ரெண்டே வாரம், குடும்பத்தோட மூட்டையக் கட்டிரும்!" என்றார். நம்பினேன். பதினாறு வீட்டிலும் மாட்டவைத்தேன். முதல் மூன்று நாள் ஓர் எலியின் வாலும் தென்படவில்லை. நான் இதே இடத்தில் நின்று மார்தட்டவில்லையா? நீங்கள் கைதட்டவில்லையா?

நான்காம் நாள் வந்தன. வந்தவை கூச்சத்தோடு வந்தனவா? சொந்த வீட்டுக்கு வருவதுபோல் வந்தன!

இயந்திரம் தோற்றது என்று ஒப்புக்கொள்ள என் வாய்க்கு மனம் வரவில்லை. வாங்கியவள் நானல்லவா? யாரோ செருகாமல் விட்டிருக்கிறார்கள் என்று வீடு வீடாக ஏறினேன். நான்காம் மாடியில் பிடித்துவிட்டேன். கப்பலில் முப்பது ஆண்டு சமையல் செய்து ஓய்வுபெற்ற நம் பெங் குவாங்-ஹுவா அண்ணன் வீட்டில், பெட்டி அலமாரிக்குள் கிடந்தது!

"பெங் அண்ணே, மெஷின ஏன் கழட்டினீங்க?"

"அதுக்குக் கீழயே எலி உக்காந்து குருவித் தினையத் தின்னுச்சும்மா. அப்புறம் கரண்டு எதுக்கு?"

"அப்ப உங்க வீட்ல எலி இருக்குன்னு ஒத்துக்கிறீங்க!"

அவர் உண்மை சொன்னார். நான் அதையே வாக்குமூலமாக்கினேன். அவர் வளர்க்கும் இரண்டு சாம்பல் குருவிகள், அவற்றுக்குச் சிதறும் தினை, அதற்கு வரும் எலி என்று கோத்துவிட்டேன். பறவைகளை அகற்றாவிட்டால் நகராட்சிக்குப் புகார் என்று சங்கத்தின் பெயரால் அவருக்குக் கடிதம் போனது. கையெழுத்து யாருடையது? இந்தக் கையினுடையது!

அவர் வாதாடவில்லை. ஒரு மழைக் காலையில், தன் மழைச்சட்டையைக் கழற்றிக் கூண்டுக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டே ரயிலடிக்கு நடந்தார். இலான் ஊரில் தங்கை வீட்டில் குருவிகளை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். மாடத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வென்றுவிட்டதாக மகிழ்ந்தேன். ஆம், மகிழ்ந்தேன்!

இரண்டு வாரம் கழித்து, பட்டப்பகலில் மெய்-யூனின் அலறல். ஓடினேன். நீல விளக்கு சிமிட்டுகிறது. அதற்கு நேர் கீழே, சோற்றுப் பானைக்குப் பின்னாலிருந்து ஓர் எலி நிதானமாக நடந்து போகிறது. மெய்-யூன் என்னைப் பார்த்தாள். "அக்கா, குருவி போச்சு, தினை போச்சு. எலி மட்டும் போகலியே!"

என்ன சிரிக்கிறீர்கள், இரண்டாம் மாடி? உங்கள் வீட்டுச் சோப்பையும் அதுதானே தின்றது!

அப்போதுதான் எனக்குச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. என் சமையலறைத் தரையில் மாவு தூவினேன். ஒரு வாரம் பெட்டியை ஓடவிட்டேன். மறு வாரம் நிறுத்தினேன். தினமும் காலையில் குனிந்து காலடிகளைப் பார்த்தேன். ஓடியபோதும் அதே தடம். ஓய்ந்தபோதும் அதே நடை! முதல் மூன்று நாள் புது ஓசைக்கு மிரண்டவை, பின்பு பழகிவிட்டன போலும். ஓசையோ அலமாரியைத் தாண்டாது, சுவரைத் துளைக்காது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு நான்காம் மாடி ஏறினேன். கதவைத் திறந்த பெங் அண்ணன் ஏசவில்லை. தேநீர் ஊற்றினார். கூண்டு மாட்டிய கொக்கி மட்டும் வெறுமையாகச் சாளரத்தில் தொங்கியது.

"துறைமுகத்துல கப்பல் கட்டுற கயித்துல வட்டத் தகடு மாட்டியிருப்பாங்களே, பாத்திருக்கியா?"

"பொறந்ததுலருந்து பாக்குறேன் அண்ணே."

"எதுக்கு அது?"

"எலி கயித்து வழியா ஏறாம இருக்க."

"அது பாட்டா பாடுது?"

பாடவில்லை, வழியை அடைக்கிறது! எனக்கு இது ஏன் முன்பே உறைக்கவில்லை?

விளக்கை எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கி வந்தார். என் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் படுத்தார். கழிவுக்குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஒரு பென்சிலை விட்டார். பென்சில் முழுதாக உள்ளே போனது. "இது நுழைஞ்சா சின்ன எலியும் நுழையும்" என்றார். பதினாறு வீட்டிலும் அதே குழாய், அதே இடைவெளி! நான்கு ஞாயிறுகள் இரும்பு நாரைத் திணித்தோம், சிமெண்டு பூசினோம், எச்சில் வாளிகளுக்கு மூடி போட்டோம், உள்ளே மிஞ்சியவற்றைப் பொறிவைத்துப் பிடித்தோம். அந்த எழுபத்து மூன்று வயதுக்காரர் பதினாறு தொட்டியடியிலும் படுத்து எழுந்தார். படகுப் பந்தயத் திருநாளுக்குப் பிறகு இன்றுவரை எந்த வீட்டிலும் ஒரு தடம் இல்லை. மெய்-யூனின் குழந்தை இப்போது அதே தரையில் தவழ்கிறது!

உறவுகளே! பெட்டி ஏமாற்றியது என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். ஆனால் பெட்டியா கடிதம் எழுதியது? பெட்டியா ஒரு நல்ல மனிதரை மழையில் நடக்கவிட்டது? கண்முன் இருந்த துளையைத் தேடாமல் கதவைத் தட்டி ஆளைத் தேடினேனே, அது என் குற்றம்! பெங் அண்ணே, இத்தனை பேர் அறிய, தலை குனிந்து மன்னிப்புக் கேட்கிறேன். சங்கக் கோப்பில் இருந்த அந்தக் கடிதத்தின் நகலை இதோ கிழிக்கிறேன்!

குருவிகளைக் கூட்டிவரச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டேன். "மறுபடி யாராச்சும் கடுதாசி போட்டா, அதுங்கள எத்தன தடவைம்மா அலையவிடுறது?" என்கிறார். ஆகவே இந்த அவையைக் கேட்கிறேன். குருவிகள் நம் குடியிருப்பில் வாழ மறுப்புச் சொல்வோர் கை உயர்த்துங்கள்!

ஒரு கையும் இல்லை. தலைவரே, நீங்கள் தூக்கிப் பிடித்திருப்பது பம்பளிமாசுதானே? சரி, இறக்குங்கள்!

நன்றாகப் பாருங்கள் அண்ணே. முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறோம், ஒரு கையும் உயரவில்லை. நாளை நானும் மெய்-யூனும் உங்களோடு இலானுக்கு வருகிறோம். கூண்டை நாங்கள் சுமக்கிறோம். என்ன முணுமுணுக்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், பின்வரிசைக்கும் கேட்கட்டும்!

"ஏழு மணி வண்டி. லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிருவேன்!"

கேட்டீர்களா? கேட்டீர்களா! இதைவிட இனிய தீர்ப்பை இந்த அவை கேட்டதுண்டா?

பொறுமையோடு செவிகொடுத்த பெரியோருக்கும், கறி கருகாமல் காத்த அன்னையருக்கும், என் பிழையைப் பொறுத்த பதினாறு வீட்டாருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. நிலா ஏறட்டும், அடுப்பு எரியட்டும், உண்டு மகிழுங்கள். ஆறரைக்கே நான் ரயிலடியில் இருக்க வேண்டும். வணக்கம்!