எடை போட்ட வீடு

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ். என் முன்சீட்டில் ஜன்னலோரம், அமெரிக்காவில் மகளோடு இருந்துவிட்டு வந்தவர். பக்கத்தில், மடியில் தேங்காய்ப் பையோடு ஒரு தோட்டத்துக்காரர்.

"எம்பொண்ணு ஊட்டை எடை போட்டாங்க," என்றார் ஜன்னலோரக்காரர்.

"ஊட்டையா?"

"சக்கரம் வெச்ச ஊடுங்க. பிக்கப் வண்டில மாட்டிட்டு ஊரூராப் போறாங்க. அதும் வால்ல மாட்டறதில்லீங்க, வண்டி முதுகுல, சாமான் ஏத்தற எடத்துல."

"எடை எதுக்குங்க?"

"மாப்ள, இழுக்கறதுக்குச் சின்ன வண்டி போதும்னாரு. விக்கறவனே ஒத்துக்கலை. தண்ணி ரொப்பி, சட்டிபானையெல்லாம் ஏத்தச் சொல்லி, அவன் வண்டியிலயே மாட்டி எடை மேடைல நிறுத்திப் பாத்தான். 'சமதரையில சின்ன வண்டி இழுத்துப்போடும். மலை எறங்கறப்ப ஊடு வண்டியத் தள்ளும், பிரேக் தாங்காது'ன்னுட்டான். பெரிய வண்டிதான் வாங்குனோம்."

"அடேங்கப்பா! திம்பம் மலைல கரும்பு லாரி எறங்கறாப்புல!" தோட்டத்துக்காரர் வாயில் கை வைத்துக்கொண்டார். "பால் காச்சுனீங்களா?"

"காச்சாம இருப்பமுங்களா? வண்டிய ஆப் பண்ணிப்போட்டு."

"வாசல் எந்தப் பக்கமுங்க?"

"எங்க நிறுத்துனாலும் கெழக்கதானுங்க. எம்பொண்ணு உடமாட்டா. ஊட்டோட திருப்பி நிறுத்திப்போட்டுத்தான் மாப்ள எறங்கோணும்."

கிணத்துக்கடவு வந்தது. இறங்க எழுந்த தோட்டத்துக்காரர், பையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"எங்களுது தெக்கு வாசலுங்க. குடிபோன நாள்லருந்து எம்பட ஊட்டுக்காரி பொலம்பறா. அதைத் திருப்போணும்னா எத்தனை பெரிய வண்டி வேணுமுங்க?"