ஐயா பேருக்குப் போட்ட சாஃப்ட்வேர்

கைதட்டினது போதுங்க... போதும். இந்தப் பொன்னாடையை அப்படி ஓரமா வைங்க, வேர்க்குது. என்கிட்ட ஒரு துண்டுக் கதை இருக்கு. அதைக் கேட்டுட்டு அப்புறமும் கை அரிச்சா தட்டுங்க.

தெக்கே ஒரு பாலிடெக்னிக். எந்த ஊருன்னு கேக்காதீங்க, நான் நாளைக்கு அந்த வழியாத்தான் பஸ்ல போகணும். அதுக்கு ஒரு தாளாளர். சும்மா தாளாளர்னு சொல்லிற முடியுமா? "அறிவுக் கொண்டல்... கணினிக் காவலர்... கல்விக் கோமான்... உயர்திரு ஆவுடைநாயகம் அவர்கள்!" எனக்கே மூச்சு வாங்குது. ஆனா அங்க யாரும் பேரைச் சொல்ல மாட்டாங்க. ஐயா. அவ்வளவுதான். ஐயா!

அங்க இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு, கடைசி வருஷம். புரோகிராம் எழுதறதுல கெட்டிக்காரி. ஒரே ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருது. "புது வெர்ஷன்லதான் டெஸ்ட், லேபுல போட்டு வைங்க"ன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. வீட்டுல அவ அப்பா என்ன சொல்லியிருக்காரு? "வேலை கிடைச்சா போ. கிடைக்கலையா, தை பொறந்ததும் மாமனுக்குக் கழுத்தை நீட்டு." மாமனுக்கு என்ன வயசு? வேணாம், நீங்க சாப்பிடப் போறவங்க.

சாஃப்ட்வேர் போட மதுரையிலேர்ந்து ஒரு ஆள் வந்தாரு. பக்கத்துலயே பிரின்சிபால் நெல்லையப்பன், கையைக் கட்டிக்கிட்டு. வந்தவர் கேட்டாரு:

"சார், லைசன்ஸ் ஒரு ஆள் பேருக்கா, லேபு முழுக்கவா?"

நியாயமான கேள்விதானே? பிரின்சிபாலுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு.

"என்னய்யா பேசறீரு! ஐயா இருக்கும்போது லேபு பேருக்கா? ஐயா பேருக்குப் போடும்!"

"சார்... ஒரு ஆள் பேருக்குப் போட்டா, ஒரு நேரத்துல ஒரு கம்ப்யூட்டர்லதான் ஓடும்."

"ஐயா பேரைச் சொன்னா இந்த ஊர்ல பஸ்ஸே நிக்கும்யா! உம்ம சாஃப்ட்வேர் ஓடாதா?"

சரின்னு அவர் பேரை அடிச்சாரு. அறிவுக் கொண்டல்... கணினிக் காவலர்... கல்விக் கோமான்... கட்டத்துல இடம் முடிஞ்சுபோச்சு. "சார், எதையாவது வெட்டணும்." எதை வெட்டச் சொன்னாரு தெரியுமா? ஆவுடைநாயகத்தை வெட்டச் சொன்னாரு! பட்டம் மூணும் உள்ள இருக்கு, ஆளு வெளியே நிக்கிறாரு. சிரிக்காதீங்க, இனிமேதான் இருக்கு.

பழைய வெர்ஷனையும் அழிச்சாச்சு. ஐயா திறந்து வைக்கிறதுக்குப் பக்கத்துல பழசு இருந்தா ஐயாவுக்கு மரியாதை இல்லையாம்! ஐயா வந்தாரு. கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினாங்க. ஐயா முன்வரிசை கம்ப்யூட்டர்ல ஒரு விரலால ஒரு தட்டு தட்டினாரு. திறந்துருச்சு! கரகோஷம்! அதுக்கப்புறம் அந்தக் கம்ப்யூட்டருக்கு மாலையைப் போட்டு, சுத்திக் கயிறு கட்டிட்டாங்க. அணைக்கக்கூடாது. மூடக்கூடாது. ஏன்? ஐயா கை வெச்சது!

டெஸ்ட் நாள் வந்துச்சு. கம்பெனிக்காரங்க வந்தாச்சு. பிள்ளைங்க சாமியைக் கும்பிட்டு உக்காந்தாச்சு. இசக்கியம்மாள் சாஃப்ட்வேரைத் திறக்கறா... என்ன வந்துச்சு?

"இது அறிவுக் கொண்டல் கணினிக் காவலர் கல்விக் கோமான் அவர்களுக்கு மட்டும் உரியது. அவர் இப்போது வேறொரு கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருக்கிறார்."

அடுத்த கம்ப்யூட்டர்? அதே. அதுக்கடுத்தது? அதே! லேபு பூராவும் ஐயா... ஐயா... ஐயா! பஸ் நிக்கும்னாரே, சாஃப்ட்வேரும் நின்னுபோச்சு.

இசக்கியம்மாள் எந்திரிச்சு பிரின்சிபாலைப் பாத்துச் சொன்னா. "சார், அந்த மாலை போட்ட கம்ப்யூட்டரை மூடுங்க சார். ஒருத்தராவது எழுதலாம், முடிச்சதும் அடுத்தவங்க உக்காரலாம்."

"ஏட்டி, ஐயா கை வெச்சதை மூடவா? என் வேலைக்கு உலை வைக்கிறியா?"

மதுரைக்குப் போன் போட்டாங்க. "லேபுக்கு மாத்தித் தர்றேன் சார். ஆனா யார் பேர்ல இருக்கோ அவர் சம்மதிக்கணும்." ஐயாவைக் கூப்பிட்டாங்க. ஐயா எடுக்கலை. ஐயா எங்க? சிவகாசியில மேடையில உக்காந்திருக்காரு... நாலாவது பட்டம் வாங்க!

கம்பெனிக்காரங்க எவ்வளவு நேரம் பாப்பாங்க? டீயைக் குடிச்சாங்க, வேன்ல ஏறினாங்க, போயிட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் அழுவுது. இசக்கியம்மாள் அழலை. நேரா பிரின்சிபால் முன்னாடி வந்து நின்னா. கேட்டா பாருங்க ஒரு கேள்வி...

"சார், இன்னைக்குப் பூராவும் அந்த சாஃப்ட்வேர்ல வேலை செஞ்சது ஐயா ஒருத்தர்தானே? அப்ப வேலை ஐயாவுக்குத்தானே சார் கிடைச்சிருக்கும்? வர்ற தையில மாமனுக்குக் கழுத்தை நீட்டறதுக்கும் ஐயாவையே வரச் சொல்லுங்க."

இப்ப ஏன் தட்ட மாட்டேங்கறீங்க? கை வலிக்குதா?

இன்னைக்கு இங்க என்ன விழா? பிள்ளைங்களுக்கு இலவசக் கம்ப்யூட்டர் மையம் திறக்கிற விழா. நல்ல காரியம், நான் இல்லைங்கலை. ஆனா அழைப்பிதழைப் பாத்தேன். எத்தனை வள்ளல், எத்தனை காவலர், எத்தனை செம்மல்! என்னையும் விடலை, "சொற்கொண்டல்"னு போட்டிருக்கீங்க. ஏன்யா, அந்தப் பிள்ளைங்க பேரு ஒண்ணு, ஒரே ஒண்ணு, அதுல எங்கயாவது இருக்கா? முன்வரிசை நாற்காலி ஒவ்வொண்ணுலயும் பேரு ஒட்டியிருக்கீங்க. வராதவங்க நாற்காலியும் காலியாக் கிடக்கு, அதுல யாரும் உக்காரக்கூடாது. பேரு ஒட்டியிருக்கே! உங்களுக்கும் நெல்லையப்பனுக்கும் என்னய்யா வித்தியாசம்? அவர் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டாரு, நீங்க நாற்காலிக்குப் போட்டிருக்கீங்க.

படிக்கப்போற பிள்ளைங்க எங்க? அங்க பாருங்க... கேட்டுக்கு வெளியே வெயில்ல நிக்குதுங்க, உள்ள இடமில்லைன்னு சொல்லி நிறுத்தியிருக்கீங்க.

தம்பி, கேட்டைத் திற. நாற்காலியில இருக்கிற அந்தப் பேரையெல்லாம் கிழிச்சுப் போடு, என் பேரையும் சேர்த்து. அதுங்க வந்து உக்காரட்டும். அதுவரைக்கும் இந்தச் சொற்கொண்டல் வாயைத் திறக்க மாட்டான்.